அடுத்த வாரம் யாருடன்?

2024 செப்டம்பரில், சீனாவின் ஹாங்சோ நகரில் ஒரு ஏடிபி 250 டென்னிஸ் போட்டி. இரட்டையர் இறுதியாட்டத்தில் ஒரு பக்கம் ஜெர்மனியின் கான்ஸ்டன்டின் ஃப்ரான்ட்சனும் ஹென்ட்ரிக் யெபென்ஸும். எதிர்ப்பக்கம் நம் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும். முதல் செட் 4-6 என்று கையை விட்டுப் போனது. இரண்டாவது செட்டை டைபிரேக்கில் மீட்டார்கள். கடைசியாக வந்த பத்துப் பாயின்ட் டைபிரேக்கில் 10-7. கோப்பை சென்னைக்காரர்களுக்கு.

அந்த நாள்களில்தான் சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிரான டெஸ்டில் அஸ்வின் சதமும் அடித்து ஆறு விக்கெட்டும் எடுத்திருந்தார். ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. பேச வேண்டிய ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே வாரத்தில் இதே ஊரிலிருந்து போன இருவர் ஏடிபி பட்டம் வென்றதைப் பற்றி என்னோடு பேச, தெரிந்தவர்களில் இரண்டு மூன்று பேர்கூடத் தேறவில்லை. அப்போதே இதை எழுத நினைத்தேன்.

விஜய்க்கு அது ஏடிபி சுற்றில் முதல் பட்டம். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு வந்த முதல் பட்டம். ஜீவனுக்கு இரண்டாவது. அவருடைய முதல் பட்டம் நம் நுங்கம்பாக்கத்திலேயே வந்தது: 2017 ஜனவரி, சென்னை ஓப்பன். ரோஹன் போபண்ணாவுடன் சேர்ந்து, இறுதியில் புரவ் ராஜா, திவிஜ் சரண் இணையை 6-3, 6-4 என்று வென்றார். இரண்டு பட்டங்களுக்கும் இடையில் ஏழு வருடம் எட்டு மாதம்.

அந்த ஏழு வருடம் எட்டு மாதம் எப்படிப் போயிருக்கும்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். அவர்கள் இருவரைப் பற்றி மட்டுமல்ல. கீழ்த்தட்டுப் போட்டிகளில் இரட்டையர் ஆட்டமே தொழிலாக வாழும் எல்லாரையும் பற்றி.

முதலில் ஏணியைச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் நான்கு கிராண்ட்ஸ்லாம்கள். அதற்குக் கீழே ஏடிபி 1000, 500, 250. நமக்குத் தொலைக்காட்சியில் கிடைக்கும் டென்னிஸ் பெரும்பாலும் இதோடு முடிகிறது. அதற்கும் கீழே சேலஞ்சர் போட்டிகள்: 50, 75, 100, 125, 175 என்று ஐந்து தரம். அதற்கும் அடியில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் எம்25, எம்15. பெயரில் இருக்கும் எண்தான் பட்டம் வென்றால் கிடைக்கும் தரவரிசைப் பாயின்ட். எம்15 வென்றால் 15, சேலஞ்சர் 100 வென்றால் 100, ஏடிபி 250 வென்றால் 250.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறு எம்15 பட்டங்கள் வென்றாலும் 240 பாயின்ட்தான். ஹாங்சோவில் ஒரே வாரத்தில் கிடைத்தது 250. இன்னொன்று, இந்தப் பாயின்டுகளுக்கு ஆயுள் 52 வாரம்தான். போன வருடம் இதே வாரம் எடுத்த பாயின்ட் இந்த வருடம் இதே வாரம் கழிந்துவிடும். மறுபடி எடுத்தால்தான் இருந்த இடத்திலாவது இருக்கலாம். காலில் அடிபட்டு மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தால், அந்த மூன்று மாதப் பாயின்டுகள் போய்க்கொண்டே இருக்கும்.

பணத்துக்கு வருவோம். எம்15 என்றால் மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு நெடுங்காலமாக இருந்த தொகை 2,160 டாலர். இரட்டையர் பட்டத்துக்கு 930. அதுவும் இணைக்கு. ஆளுக்கு 465 டாலர், அதிலும் வரி பிடித்தது போக மீதி. நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்குள். அந்த வாரம் முழுக்கத் தோற்காமல் கோப்பையோடு திரும்புகிறவருக்கு இது. விமான டிக்கெட், ஏழு நாள் தங்கும் அறை, சாப்பாடு, மட்டைக்கு நரம்பு மாற்றும் செலவு, விசா கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினால், பட்டம் வென்ற வாரமும் கையிலிருந்து போன வாரமாகத்தான் முடியும். முதல் சுற்றில் தோற்கும் வாரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் ஆட்டக்காரர்கள் ஊர்களைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். துனீசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டால்யா, எகிப்தின் ஷாம் எல் ஷேக். இந்த ஊர்களில் கடற்கரை விடுதிகளை ஒட்டி வாராவாரம் எம்15 போட்டிகள் நடக்கும். ஒரு முறை விமானம் ஏறினால் மூன்று, நான்கு வாரம் அங்கேயே ஆடிவிட்டு வரலாம். பயணச் செலவு மிச்சம். படத்தில் பார்த்தால் நீலக் கடல் தெரியும். அங்கே போகிறவர்கள் அதைப் பார்த்து ரசிக்கும் நிலையில் இருப்பதில்லை. காலையில் பயிற்சி, மதியம் ஆட்டம், இரவு அறையில் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அடுத்த வாரத்துக்கான ஏற்பாடு.

சிலர் ஜெர்மனியின் புண்டஸ்லிகா, ஃபிரான்ஸின் கிளப் போட்டிகள் போன்றவற்றில் ஒரு கிளப்புக்காக ஆடுவார்கள். அங்கே ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடுவார்கள். வருடம் முழுக்கச் சுற்றுவதற்கான செலவில் ஒரு பகுதி அங்கிருந்து வரும். நம் நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பொதுத்துறை நிறுவன வேலை கிடைத்தவர்களுக்கு மாதச் சம்பளம் என்ற நிம்மதி உண்டு. மற்றவர்களுக்குப் பெற்றோரின் சேமிப்புதான் ஆதாரம்.

2024-ல் ஏடிபி ஒரு நல்ல காரியம் செய்தது. வருடத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வருமானம் என்று ஆட்டக்காரர்களுக்கு உத்தரவாதம் தரும் 'பேஸ்லைன்' திட்டம். ஒரு வருடம் சம்பாத்தியம் குறைந்தால் மீதியை ஏடிபி ஈடுகட்டும். பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் அது ஒற்றையர் தரவரிசையின் முதல் 250 பேருக்கானது.

செலவு, பயணம், காயம் எல்லாம் ஒற்றையர் ஆட்டக்காரருக்கும் உண்டு. இரட்டையர் ஆட்டக்காரருக்கு மட்டுமே உரிய ஒரு கவலை தனியாக இருக்கிறது. என்னைக் கேட்டால் அவருடைய தொழில் வாழ்க்கையைத் தீர்மானிப்பதே அதுதான். அடுத்த வாரம் யாருடன் ஆடுவது?

ஒற்றையர் ஆட்டக்காரர் தன் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். இரட்டையர் ஆட்டக்காரருக்குத் தன் பெயர் பாதிப் பெயர்தான். இருவருடைய தரவரிசை எண்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை குறைவாக இருக்கும் இணைகளுக்குத்தான் ட்ராவில் இடம். ஒரு சேலஞ்சரில் பதினாறு இணைகள். நான் 140, நீ 160 என்றால் மொத்தம் 300. 'கட்' 280-ல் நின்றுவிட்டால் இருவருமே வெளியே. அப்போது 140-காரர் என்ன யோசிப்பார்? 120-ல் இருப்பவர் யாராவது இந்த வாரம் இணை இல்லாமல் இருக்கிறாரா என்றுதான். அதைத் துரோகம் என்று யாரும் சொல்வதில்லை. 160-காரருக்கும் அது தெரியும். அவரும் அதே நேரத்தில் வேறு யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார்.

இதில் இன்னொரு சிக்கல். ஒற்றையர் தரவரிசை நன்றாக இருக்கும் ஆட்டக்காரர் அந்த எண்ணை வைத்தே இரட்டையரிலும் நுழையலாம். ஒற்றையரில் ஆட வந்த இருவர், வந்ததோடு இதையும் ஆடுவோம் என்று பெயர் கொடுத்தால், மாதக்கணக்காகச் சேர்ந்து உழைத்த ஓர் இணை வெளியே நிற்க நேரலாம். அப்படி நுழைந்தவர் ஒற்றையரில் தொடர்ந்து வென்று களைத்துப்போனால், இரட்டையரிலிருந்து பாதியில் விலகவும் செய்வார். அவருடைய இணையின் வாரம் அதோடு முடிந்தது. அந்த மனிதர் அன்று ஒரு பந்தைக்கூடத் தவறாக அடித்திருக்க மாட்டார்.

இது கீழ்த்தட்டில் மட்டும் நடப்பதில்லை. கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். சேலஞ்சர் போட்டிகளில் பல வருடம் உழைத்து மேலே வந்தவர். 2024 ஃபிரெஞ்சு ஓப்பனில் மெக்சிகோவின் மிகேல் ரேயஸ் வரேலாவுடன் மூன்றாம் சுற்று வரை போனார். அங்கே எதிரில் நின்றவர்கள் ரோஹன் போபண்ணாவும் மேத்யூ எப்டனும். அந்த வருடம் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்ற இணை. 43 வயதில் உலகின் முதலிடத்தைத் தொட்ட போபண்ணா. பாலாஜி இணை முதல் செட்டை எடுத்தது, மூன்றாவது செட் டைபிரேக் வரை இழுத்துப் போய்த்தான் தோற்றது. அந்த ஜூன் மாதத்திலேயே, பாரிஸ் ஒலிம்பிக்ஸில் போபண்ணாவுக்கு இணை பாலாஜிதான் என்று அறிவிப்பு வந்தது.

ஒலிம்பிக்ஸில் என்ன ஆனது? முதல் சுற்றில் ஃபிரான்ஸின் எடுவார் ரோஜர் வாஸ்லான், ஃபேபியன் ரெபூல் இணையோடு மோத வேண்டியது. கடைசி நேரத்தில் ரெபூல் விலகினார். அவர் இடத்தில் வந்தவர் கயல் மோன்ஃபிஸ். சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன்னால் மோன்ஃபிஸ். 5-7, 2-6 என்று நம்மவர்கள் வெளியேறினார்கள். இந்தியாவுக்காக ஆடுவதைப் போபண்ணா அத்துடன் நிறுத்திக்கொண்டார். உலகின் மிகப்பெரிய மேடையிலும், இணை யார் என்பது ஒரே நாளில் மாறிவிடுகிறது. அப்படியானால் நூற்றைம்பதாம் இடத்தில் இருப்பவருடைய திங்கட்கிழமைகள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஆட்டத்துக்குள் வருகிறேன். ஒற்றையரில் தேறாதவர்கள் போய் ஒதுங்கும் இடம்தான் இரட்டையர் என்ற பேச்சு டென்னிஸ் பார்ப்பவர்களிடமே உண்டு. ஒற்றையரிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வந்து நிலைத்தவர்கள் ஒரு தனி வித்தையைக் கற்றவர்கள்.

ரிட்டர்னைப் பாருங்கள். ஒற்றையரில் சர்வைத் திருப்பி அடிக்கும்போது கோர்ட்டின் நடுவில் ஆழமாக விழுந்தாலே பாதி வேலை முடிந்தது. இரட்டையரில் அதே பந்தை நெட்டில் நிற்பவர் குறுக்கே பாய்ந்து வாலி அடித்து முடித்துவிடுவார். பந்து அவருக்கு எட்டாமல், நெட்டை ஒட்டித் தாழ்வாக, சர்வ் போட்டவரின் கால்களுக்கு வர வேண்டும். அதையும் அரை நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சர்வுக்கும் முன்னால் நெட்டில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரலால் சைகை காட்டுவார்: குறுக்கே போகிறேன், போகவில்லை, போவதுபோல் ஏமாற்றுகிறேன். சர்வ் போடுபவர் பந்தை எங்கே போடுவது என்பதும் அதற்கேற்ப மாறும். சில சமயம் நெட்காரர் நடுக்கோட்டிலேயே குனிந்து உட்கார்ந்துகொள்வார். எந்தப் பக்கம் எழுவார் என்று எதிராளிக்குக் கடைசிவரை தெரியாது.

ஜீவன் இடது கைக்காரர். ஓர் இணையில் ஒருவர் இடது கை, ஒருவர் வலது கை என்றால் அதற்குத் தனி மதிப்பு. கோர்ட்டின் இடது பாதியான ஆட் கோர்ட்டிலிருந்து இடது கைக்காரர் வெட்டிப் போடும் சர்வ், எதிரில் இருக்கும் வலது கைக்காரரைக் கோர்ட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். நடு கோர்ட் திறந்து கிடக்கும், நெட்டில் நிற்பவருக்கு அது போதும். வெயில் கண்ணில் அடிக்கும் மைதானங்களில் யார் எந்தப் பக்கத்திலிருந்து சர்வ் போடுவது என்று பிரித்துக்கொள்ளவும் வசதி.

ஸ்கோர் எண்ணும் முறையும் வேறு. ஏடிபி, சேலஞ்சர் இரட்டையரில் 40-40 வந்தால் அட்வான்டேஜ் கிடையாது. ஒரே பாயின்ட், எடுத்தவருக்கு கேம். எந்தப் பக்கத்தில் ரிட்டர்ன் ஆடுவது என்பது ரிட்டர்ன் ஆடும் இணையின் விருப்பம். ஆளுக்கொரு செட் ஆனால் மூன்றாவது செட் இல்லை, பத்துப் பாயின்ட் டைபிரேக்தான். அந்த டைபிரேக்கில் இரண்டு பந்துகள் நெட்டில் பட்டு எந்தப் பக்கம் விழுகின்றன என்பதில் ஒரு வாரச் சம்பளமும், அடுத்த மாதம் எந்தத் தரப் போட்டியில் இடம் கிடைக்கும் என்பதும் அடங்கியிருக்கின்றன.

இந்த விதி வந்ததற்குப் பின்னால் ஒரு போராட்டம் உண்டு. 2005-ல் ஏடிபி இரட்டையர் ஆட்டத்தை அடியோடு மாற்றப் பார்த்தது. செட்களைச் சுருக்குவது, போகப் போக ஒற்றையர் ட்ராவில் இருப்பவர்களுக்கு மட்டும் இரட்டையரில் இடம் என்று ஆக்குவது. அது நடந்திருந்தால் இந்தத் தொழிலே இல்லாமல் போயிருக்கும். இரட்டையரில் புகழ்பெற்ற பிரையன் சகோதரர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். கடைசியில் சமரசம்: இரட்டையர் நிபுணர்களுக்கு இடம் இருக்கும், அதற்குப் பதில் ஆட்டம் சுருங்கும். விஜய் சுந்தர் பிரசாந்த் போன்ற ஒருவருக்கு 2024-ல் ஒரு பட்டம் கிடைக்க, அன்று அந்த வழக்கும் நடந்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. 2025 யுஎஸ் ஓப்பனில் கலப்பு இரட்டையரை ஒற்றையர் ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்துக்கு மாற்றி, பதினாறு இணைகளாகக் குறைத்து, ஒற்றையர் நட்சத்திரங்களைக் கொண்டு நிரப்பினார்கள். முதல் பரிசு பத்து லட்சம் டாலர். வழக்கமாக ஆடும் இரட்டையர் ஆட்டக்காரர்கள் பெரும்பாலோருக்கு இடமில்லை. முந்தைய வருடம் வென்ற இத்தாலியின் சாரா எர்ரானி, ஆண்ட்ரியா வவசோரி இணை இதை வெளிப்படையாக எதிர்த்தது. ஆனாலும் ஆடினார்கள். அவ்வளவு நட்சத்திரங்களையும் தாண்டிக் கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டு போனார்கள். இது தனி வித்தை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நம் நாட்டுக்கு இந்த வித்தையில் ஒரு மரபு இருக்கிறது. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் 1976-ல் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதி ஆடினார்கள். லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் 1999-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலும் நின்று இரண்டை வென்றார்கள். அந்தப் பெயர்களை நாம் கொண்டாடுகிறோம். அதே வித்தையை மொனாஸ்டிரிலும் அன்டால்யாவிலும் பார்ப்பவரே இல்லாத கோர்ட்டில் செய்துகொண்டிருப்பவர்களை மறந்துவிடுகிறோம்.

இவ்வளவு கஷ்டத்தில் ஏன் ஆடுகிறார்கள்? அவர்களுக்காக நான் பதில் சொல்ல முடியாது. வெளியிலிருந்து கவனித்ததில் எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். நுங்கம்பாக்கம் மைதானத்தில் சேலஞ்சர் நடக்கும் வாரங்களில் ஓரத்துக் கோர்ட்டுகளில் இரட்டையர் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அங்கே பத்தடி தூரத்தில் உட்காரலாம். இருவர் பேசிக்கொள்வதுகூடக் காதில் விழும். ஒருவர் டபுள் ஃபால்ட் போட்டுவிட்டுத் தலை குனிந்து நடப்பார். இன்னொருவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்க் கையைத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவார். அடுத்த பாயின்டில் சர்வ் உள்ளே விழும்.

திறமை ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் அந்தத் தட்டில், யார் நிலைக்கிறார்கள்? இவனோடு மறுபடி ஆடலாம் என்று மற்றவர்களை நினைக்கவைப்பவர்கள்தான். தோற்ற பிறகு முகம் சுளிக்காதவன், சொன்ன நேரத்துக்குப் பயிற்சிக்கு வருபவன், நல்ல இணை கிடைத்ததும் பழைய இணையிடம் நேரில் சொல்லிவிட்டுப் போகிறவன். இவர்களுக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கும். தரவரிசை அட்டவணையில் இந்தக் குணத்துக்கு எண் கிடையாது. ஆனால் பதினைந்து வருடம் இந்தச் சுற்றில் தாக்குப்பிடித்தவர் யாரைப் பார்த்தாலும், அவரை நம்பிக் கூப்பிட்ட பலர் பின்னால் இருப்பார்கள். 2017-ல் ஜீவனுக்குப் பக்கத்தில் போபண்ணா இருந்தார். 2018 செங்டு இறுதியாட்டத்தில் அமெரிக்காவின் ஆஸ்டின் கிராய்செக் இருந்தார். 2024-ல் விஜய் இருந்தார். இடையில் இன்னும் எத்தனையோ பேர். அந்தப் பட்டியல்தான் ஓர் இரட்டையர் ஆட்டக்காரரின் உண்மையான சாதனைப் பட்டியல் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு இரண்டு விருப்பங்கள் உண்டு. ஒன்று, ஏடிபியின் வருமான உத்தரவாதம் இரட்டையர் தரவரிசையின் முதல் நூறு பேருக்காவது விரிய வேண்டும். இந்த விளையாட்டில் புரளும் பணத்துக்கு அது பெரிய செலவாக இருக்காது. இன்னொன்று நம் கையில் இருக்கிறது. 2023-லிருந்து சென்னைக்குச் சேலஞ்சர் திரும்பி வந்திருக்கிறது. 2024-ல் அதன் இரட்டையர் பட்டத்தை ராம்குமார் ராமநாதனும் சாகேத் மைனேனியும் நம் ஊரிலேயே வென்றார்கள். 2025-லும் அதே இருவர் இறுதி வரை வந்து, ஜப்பான் இணையிடம் தோற்றார்கள். அடுத்த முறை நடக்கும்போது வார நடுவில் ஒரு மதியம் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் டென்னிஸ் கற்கிறார்கள் என்றால் கட்டாயம் கூட்டிப்போங்கள். நடு மைதானத்து ஒற்றையரைப் பார்த்துவிட்டு, அப்படியே ஓரத்துக் கோர்ட்டுக்கும் வாருங்கள். நெட்டில் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் அந்த விரல்களைக் கவனியுங்கள். நல்ல பாயின்டுக்குக் கை தட்டுங்கள். இருபது பேர் தட்டினாலே அந்தக் கோர்ட்டில் பெரிய சத்தம்தான்.